முன் இருக்கை

"ஜோலீன், சுத்தியலும் ஆணியும் எங்க வச்சே?"

"மறுபடியும் ஓட்டையா? அந்த பெல்ட்ல இன்னும் இடம் இருக்கா என்ன?"

மனைவி நீட்டிய சுத்தியலையும் ஆணியையும் வாங்கிக்கொண்டு ரஸ்ஸல் சமையலறை மேசைமேல் பெல்ட்டை விரித்தான். ஆணியை வைத்து ஓங்கி ஒரு அடி. அது ஐந்தாவது ஓட்டை. இடுப்பில் மாட்டி இழுத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.

"இன்னும் ஒரு மாசம்தான்" என்றான், ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்து.

அந்தக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. ரோலர் கோஸ்டரின் முன் இருக்கையில் பத்து வயது ரஸ்ஸல், பக்கத்தில் அவன் அப்பா. இருவரும் கையைத் தூக்கி, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் அண்ணன்மாரும் அதே வயதில் அதே இருக்கையில் அப்பாவோடு போனவர்கள்தான். அவர்கள் குடும்பத்தில் பிள்ளைக்குப் பத்து வயதானால் அது நடந்தே ஆகவேண்டும். பக்கத்தில் மகள் டெல்லாவின் படத்துக்காக ஒரு காந்தம் வெறுமனே காத்திருந்தது.

போன ஜூலையிலேயே அந்தப் படம் வந்திருக்க வேண்டியது. ஏரிக்கரைப் பூங்காவில் இரண்டு மணிநேரம் வரிசையில் நின்று, முன் இருக்கையில் ஏறியும் உட்கார்ந்துவிட்டார்கள். மடிமேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பிதான் ரஸ்ஸலின் வயிற்றில் இடித்துப் பூட்டிக்கொள்ளவில்லை. வேலையாள் ஒருவன் வந்து அமுக்கினான். இன்னொருவனும் சேர்ந்து அமுக்கினான்.

"மூச்ச நல்லா உள்ள இழுங்க சார்."

"இழுத்துட்டுதான்யா இருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைசியில் அவனை இறக்கிவிட்டார்கள். டெல்லாவும் கூடவே இறங்கிவிட்டாள். வீடு வந்து சேரும்வரை காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ரஸ்ஸலுக்கு வெட்கத்தில் உயிரே போனது.

மறுவாரமே மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாளிடம் போய் நின்றான்.

"பாதி கொழுப்பு, பாதி காத்து" என்றார் அவர் பட்டென்று. "வாளி மாதிரி கப்ல சோடா, உப்பு சிப்ஸ், வண்டில உக்காந்தே அஞ்சு நிமிஷத்துல சாப்பாடு. வயிறு உப்பாம வேற என்ன செய்யும்?"

அன்றோடு சோடா போனது. சிப்ஸ் போனது. காலையில் ஓட்ஸ், மதியம் டப்பாவில் காய்கறி, ராத்திரி சாப்பாட்டை இருபது நிமிடம் மென்று சாப்பிடுவது, முடிந்ததும் தெருவை மூன்று சுற்று சுற்றுவது. ஒஹாயோ பனிக்காலம் அவனை வாசலுக்குள் திருப்பி அனுப்பப் பார்த்தது. அவன் காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். டயர் கிடங்கில் கூட வேலை பார்க்கும் கர்ட் அவன் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"என்ன ரஸ், வீட்ல முயல் பட்டினியா கெடக்கா? அதோட சாப்பாட்ட தூக்கிட்டு வந்துட்டே?"

"சிரி, சிரி. ஜூலைல பாரு."

கர்ட்டைச் சமாளித்துவிடலாம். டெல்லாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சனிக்கிழமை தவறாமல் தன் கைக்காசில் டோனட் வாங்கி வந்து அவன் தட்டில் வைப்பாள்.

"ஒண்ணே ஒண்ணுப்பா."

"வேணாம் கண்ணு. நீ சாப்பிடு."

"எதுக்குப்பா இப்படி கஷ்டப்படுற? நீ குண்டா இருந்தாதான் எனக்குப் புடிச்சிருக்கு. கட்டிப்பிடிக்க மெத்துனு இருந்தே."

ரஸ்ஸல் தட்டை அவள் பக்கமே நகர்த்தினான். அப்பன் பசியோடு இருப்பதைப் பொறுக்காத பிள்ளை. இவளுக்காகப் பட்டினியே கிடக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அன்று தெருவை நான்காவது முறையும் சுற்றினான்.

ஜூலையும் வந்தது. பூங்காவுக்குக் கிளம்பும் காலையில் டெல்லா பெரிய டம்ளர் நிறைய சோடா ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். நுரை விளிம்பில் வழிந்தது.

"வெயில் அடிக்குதுப்பா. இத மட்டுமாவது குடி."

"இன்னிக்குன்னு பாத்து வயித்துல காத்த ஏத்தச் சொல்றியே. வந்து ரெண்டு பேருமா குடிக்கலாம், சரியா?"

அவள் முகம் வாடியது. எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டே ரஸ்ஸல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டான்.

ரோலர் கோஸ்டர் வாசலில் சோதனை இருக்கை ஒன்று உண்டு. ஏறுகிறவர்கள் கம்பி பூட்டுகிறதா என்று முதலில் அதில் பார்த்துக்கொள்ளலாம். ரஸ்ஸல் உட்கார்ந்து கம்பியை இழுத்தான். டக். இன்னும் கொஞ்சம் இழுத்தான். டக், டக். ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் கழுத்து வலிக்கு இதெல்லாம் ஆகாது என்று அவள் கீழேயே கேமராவோடு நின்றுகொண்டாள்.

"சாதிச்சுட்டே ரஸ்."

வரிசை நகர்ந்தது. மேலே போய் முன் இருக்கையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். எதிரே தண்டவாளம் நேராக வானத்தைப் பார்த்து ஏறியது. வேலையாள் கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு கம்பியாக அமுக்கிப் பூட்டிக்கொண்டு முன்னால் வந்தான். ரஸ்ஸல் மகளின் கையைப் பிடித்தான். ஐஸ்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது.

"ஒரு வருஷமா காத்திருந்தோம்ல கண்ணு?"

டெல்லா பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேலையாள் வர இரண்டே வரிசைதான் பாக்கி. அவள் அப்பாவின் காதோடு வாயை வைத்தாள்.

"எனக்குப் போன வருஷமே ரொம்ப பயம்ப்பா, அந்த போட்டோவ பாத்துட்டு சொல்லவே முடியல. அவர் இங்க வர்றதுக்குள்ள உன் வயித்த எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளிய தள்ளேன்."