இமைநேரம்

"வெள்ளைப் பொத்தானை அமுக்குன்னு போட்டிருக்கு மாப்பிள்ளை. இதுல இருக்கிற அத்தனை பொத்தானும் கறுப்பால்ல இருக்கு."

கழுத்தில் கேமராவும் கையில் அதன் விளக்கப் புத்தகமுமாக நின்ற இராஜாங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. குடவாசலில் சொந்த நிலத்தில் சம்பா போடுகிற மனிதர். மோட்டார், டிராக்டர், எது மக்கர் செய்தாலும் தானே பிரித்துப் போட்டுச் சரிசெய்துவிடுவார். இந்தக் கேமராதான் அவரைப் படுத்தி எடுத்தது.

அன்று மகள் வானதிக்கு நிச்சயதார்த்தம். கூடத்தில் சமுக்காளம் விரித்து, இரண்டு பக்கத்துத் தாம்பூலத் தட்டுகளும் தயாராக இருந்தன. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகு காலம் வந்துவிடும். அதற்குள் தட்டை மாற்றியாக வேண்டும்.

மகன் இளஞ்செழியனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. அந்தக் குறைக்குச் சென்னை நண்பன் மூலம் இந்தக் கேமராவை அனுப்பிவைத்து, "தட்டு மாத்துறதை இதுல எடுத்து அனுப்புங்கப்பா" என்று கேட்டிருந்தான். அப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று மெனுவையும் தமிழுக்கு மாற்றி, தமிழ் விளக்கப் புத்தகமும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தான். சிரமமே அங்கேதான் ஆரம்பித்தது.

"பேசாம செல்போன்ல எடுத்துட்டுப் போங்களேன். ஊரே அதுலதான் எடுக்குது" என்றாள் மனைவி மங்களாம்பிகை.

"ஊரு எடுக்கட்டும். எம்புள்ள எவ்வளவு பெரிய கேமரா அனுப்பியிருக்கான்னு நாலு பேரு பாக்க வேணாமா?"

நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கேமராவை அல்ல, அவர் படும் பாட்டை.

மாப்பிள்ளை வசந்தகுமாருக்குத் திருவாரூரில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் இராஜாங்கம் துருவிக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவருக்குக் கேமரா எம்மாத்திரம் என்று நம்பித்தான் மாப்பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா அம்சம் உள்ளறையில் வானதிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தை வாங்கியதும் வசந்தகுமாரின் முகம் வெளிறியது. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"சத்தமாப் படிங்க மாப்பிள்ளை."

"'இமைநேரத்தை விழைவிற்கேற்பத் தெரிவு செய்க. தெரிவு செய்யாவிடில், செய்யாமையே தெரிவாகக் கொள்ளப்படும்.'"

"இமைநேரம்னா என்னாங்க?"

"தெரியலைங்க மாமா."

"ஒங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எங்கேருந்து தெரியும்? மேல படிங்க."

"'படமெடுக்க, படமெடு நிலைக்குச் செல்க. படமெடு நிலைக்குச் செல்ல, படமெடா நிலையிலிருந்து வெளியேறுக. வெளியேறும் முறைக்குப் பிற்சேர்க்கை காண்க.'"

"பிற்சேர்க்கையில என்னா சொல்றான்?"

வசந்தகுமார் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். "இந்தப் பக்கத்தையே பாக்கச் சொல்லுதுங்க மாமா."

இராஜாங்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். கேமராவின் திரையில் 'உறுதியா?' என்று ஒரு கேள்வி வந்து நின்றது.

"எதைக் கேக்குதுன்னே தெரியாம உறுதின்னு எப்புடிச் சொல்றது? மேட்டூர்ல தண்ணி தொறக்கக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க போலருக்கு. இதை எழுதுனவன் கேமராவைக் கண்ணால பாத்திருப்பானா?"

"பாத்திருக்க மாட்டாங்க மாமா" என்றார் வசந்தகுமார் தரையைப் பார்த்தபடி. "வாக்கியத்தை மட்டும் துண்டு துண்டா அனுப்பி, நாளைக்கே வேணும்னு கழுத்துல கத்தி வச்சிருப்பாங்க. அவங்களும் என்ன செய்வாங்க, பாவம்."

முகம் தெரியாத ஒருவனுக்காக இப்படிப் பரிந்து பேசுகிறாரே என்று இராஜாங்கத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தக் குணத்துக்கே பெண்ணைக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளறையிலிருந்து வானதியை அழைத்துக்கொண்டு அம்சம் வந்தார். "சம்பந்தி, பத்தரை ஆகப்போவுது. போட்டோ என்னங்க போட்டோ, தட்டை மாத்திருவோம்."

வேறு வழியில்லை. கேமராவைக் கழற்றி எதிரே இருந்த ஸ்டூலில் வைத்தார் இராஜாங்கம். இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்று தட்டை மாற்றிக்கொண்டார்கள். மகன் ஆசையாகக் கேட்ட ஒரு படம் இல்லாமலே போயிற்றே என்று இராஜாங்கத்துக்கு ஆற்றாமையாக இருந்தது. சபை நடுவே காட்டிக்கொள்ள முடியுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இனிமே வானதி ஒங்க வீட்டுப் பொண்ணு. தட்டை மாத்திட்டுப் பேச்சை மாத்துற வழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது."

சொல்லி முடித்தவரின் கண், ஸ்டூலில் கிடந்த கேமராவின் மேல் விழுந்தது. திரையில் இன்னும் அதே 'உறுதியா?'. ஆத்திரத்தில் 'ஆம்' என்பதை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். சிவப்பாக ஒரு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. அதற்கு என்ன அர்த்தமோ, யாருக்குத் தெரியும்.

"இந்தப் புத்தகத்தை எழுதுன புண்ணியவானுக்கும் எவனாவது பொண்ணு குடுப்பான் பாருங்க" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "அந்த மாமனாரை நெனைச்சாத்தான் பாவமா இருக்கு."

கூடம் சிரித்தது. வசந்தகுமார் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்தப் புத்தகம்?" என்று கேட்டபடி அம்சம் சமுக்காளத்திலிருந்து அதை எடுத்தார். அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது ஒங்க வீட்டுக்கும் வந்துருச்சா சம்பந்தி? இந்த அட்டையைத்தான் எங்க வீட்டுல பிரேம் போட்டு மாட்டியிருக்கோம். நம்ம குமாரு ராப்பகலா ஒக்காந்து தமிழ்ல எழுதிக் குடுத்ததாச்சே."

கையில் தாம்பூலத் தட்டும் திறந்த வாயுமாக நின்ற இராஜாங்கத்தை, இமைநேரம் முடிந்த கேமரா தானாகவே பளிச்சென்று மின்னிப் படம் எடுத்துக்கொண்டது.