ராசித் தக்கை

“சிவப்புத் தூண்டில் தக்கை ஒண்ணு கிடைச்சுது. ‘க்ளைவ்’னு எழுதி இந்த நம்பர் போட்டிருக்கு. உங்களோடதா?”

போனில் அந்தப் பெண் கேட்டதும் க்ளைவ் துள்ளி எழுந்தான்.

“என் ராசித் தக்கைங்க! தேம்ஸ் கரையில தண்ணிமேல சாஞ்ச மரத்துல சிக்கிச்சு, நூலை அறுத்துட்டு வந்துட்டேன். அது இல்லாம நாளைக்குப் போட்டிக்கு எப்படிப் போறதுன்னு தவிச்சேன். இதோ வர்றேன்!”

சொன்ன விலாசத்துக்கு சைக்கிளில் பறந்தான். போனில் பேசிய ஹேசல், பச்சை அங்கியில் வந்து தக்கையைத் தட்டில் வைத்து நீட்டினாள். நூலும் முள்ளும்கூட இருந்தன.

“அதேதான்! மரமேறியா எடுத்தீங்க?”

“இல்ல, அறுத்துதான் எடுத்தோம்.”

“அடடா, எனக்காகக் கிளையையேவா அறுத்தீங்க?”

“கழுத்தை. முழுங்கியிருந்துச்சு. இது அன்னங்களுக்கான ஆஸ்பத்திரி.”

க்ளைவின் கை பாதியில் நின்றது. “பிழைச்சுதா?”

“முழுசா வெளிய வந்தது உங்க தக்கை மட்டும்தான்.”