மூன்றாம் முடிச்சு

மாப்பிள்ளை தாலியில் இரண்டு முடிச்சு போட்டாயிற்று. மூன்றாவது, விடுப்பு கிடைக்காமல் தோகாவில் மாட்டிக்கொண்ட அவன் அக்காவுடையது. மேடையோரத் திரையின் வீடியோ அழைப்பில், இல்லாத கயிற்றைப் பிடித்தபடி அவளுடைய விரல்கள் அந்தரத்தில் உறைந்து நின்றன. மண்டபத்துக்கு இருப்பது ஒரே வைஃபை. வந்த கூட்டம் மொத்தமும் அதில்தான் கல்யாணத்தை நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தது.

“முகூர்த்தம் முடியப்போகுதும்மா, வேற யாராச்சும் போடட்டும்” என்றார் ஐயர்.

“அது மதினி முடிச்சு சாமி, அவர் அக்காதான் போடணும்” என்றாள் மணப்பெண் கோமதி. அலுவலகத்தில் நாளெல்லாம் இணைய நெரிசலைப் பிரித்துவிடுவதுதான் அவள் வேலை. இந்த மண்டபத்து ரௌட்டரையும் முந்தின நாள் அவளேதான் அமைத்திருந்தாள். தோழியின் போனை வாங்கி, மஞ்சள் ஒட்டிய கட்டைவிரலால் மதினியின் அழைப்பை வரிசைக்கு முன்னால் கொண்டுவந்து, மற்றதையெல்லாம் பின்னால் தள்ளினாள்.

“ஐயையோ, நெட்டு நின்னுபோச்சே!”

மண்டபமே போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து மேடையைப் பார்த்தது. திரையில் விரல்கள் அசைந்தன, சுற்றின, இழுத்தன. கெட்டிமேளம் கூரையைப் பிளந்தது.

கோமதியின் பின்னால் யாரும் இல்லை. அவள் கை மெல்லப் பிடரிக்குப் போனது.

“மதினி, கொஞ்சம் தளர்த்திப் போடுங்க” என்றாள் சிரித்துக்கொண்டே. “இறுக்குது.”