செவுள்

கரையில் மீன் விற்கும் பெண்களுக்கு நடுவே அந்த மீனை நிறுத்த வேண்டும் என்று தாரிணி கேட்டாள். கடல் ஒதுக்கிய பாட்டில், செருப்பு, அறுந்த நைலான் வலை எல்லாம் சேர்த்து அவள் செய்த, படகளவு பெரிய மீன். எல்லோரும் சிலுவையம்மாளைப் பார்த்தார்கள். அங்கே அவள் சொன்னால்தான் இடம்.

சிலுவையம்மாள் மீனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“செவுளத் தூக்கிப் பாக்காம நான் எந்த மீனையும் இங்க வைக்க விடமாட்டேன்.”

“தூக்கிப் பாருங்கக்கா,” என்றாள் தாரிணி, கொஞ்சமும் தயங்காமல்.

பெயிண்ட் டப்பாவை வெட்டிச் செய்த செவுளைச் சிலுவையம்மாள் இரு கைகளாலும் தூக்கினாள். உள்ளே அடுக்கடுக்காகச் சிவப்பு பாட்டில் மூடிகள். உப்பிலும் வெயிலிலும் கிடந்தும் கொஞ்சமும் வெளுக்காத, இப்போதுதான் பிடித்த மீனின் சிவப்பு. விரலால் தடவி முகர்ந்தாள். பிறகு தன் கூடையிலிருந்த காலை மீன் ஒன்றின் செவுளை விரித்தாள். அது அதற்குள் வெளிறியிருந்தது.

கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

ஐஸ் கொண்டுவந்தவர் பெரிய மீனைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுக்கும் ஐஸ் போடவா, மதினி?”

சிலுவையம்மாள் சிரிக்கவில்லை.

“அதுக்கு எதுக்கு? எம் மீனுக்குப் போடு, சீக்கிரம்.”