சித்தி என்று ஒரு திருத்தம்

பஞ்சகாலத்தில் பெற்ற தாயே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவாள். அவர்கள் வழியில் போட்டுவைத்த கற்களைப் பார்த்து வீடு திரும்புவார்கள். அந்தப் பழைய கதைக்கு அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். "பிஞ்சு மனசு தாங்காதும்மா, அம்மாவ சித்தின்னு மாத்திடுங்க," என்றார் பதிப்பாளர். மாற்றினேன்.

சாயங்காலம் கதவைத் திறந்த மகள், "வாங்க சித்தி," என்றாள். விளையாட்டு என்று சிரித்தேன். சாப்பிடும்போதும் சித்திதான், தலை பின்னும்போதும் சித்திதான்.

"என்னங்க இது?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அவ எப்பவும் அப்படித்தானே கூப்பிடுவா," என்றார், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் ஆளாய் அலுவலகம் போய், எல்லாச் சித்தியையும் அடித்துவிட்டு அம்மா என்று எழுதினேன். பதிப்பாளர் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை, "அம்மா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். போன உயிர் திரும்பியது.

அடுத்த நாள் காலை அவளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன்.

"என்னடி, திரும்பித் திரும்பிப் பார்க்கறே?"

"ஒண்ணுமில்லம்மா."

நானும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து வந்த வழி நெடுக, என் தையல் டப்பாவிலிருந்த பொத்தான்கள் பத்தடிக்கு ஒன்றாகக் கிடந்தன.