பீச் பூக்கும் நேரத்தில் பனி

மார்ச் மாதப் பிற்பகல். வர்ஜீனியா மலையடிவாரத்தில் வானம் தாழ்ந்து கிடக்கிறது. பீச் தோட்டத்து வேலியோரம் நின்று வெர்னா கைப்பேசியில் ராடார் படத்தைப் பெரிதாக்குகிறாள். பனிப்பொழிவைக் காட்டும் நீலம் மேற்கிலிருந்து நகர்ந்து வருகிறது. "பனிதான் ட்வைட். நேத்தே நம்ம குழுவுல எழுதிட்டேன்." "வாயக் கழுவு! மழைன்னு சொல்லு. மரமெல்லாம் பூத்து நிக்குது," என்கிறான் தோட்டத்துச் சொந்தக்காரன் ட்வைட். அவனும் அந்த வானிலை ஆர்வலர் குழுவில் பழம் தின்று கொட்டை போட்டவன்தான். கொட்டகைத் தகரத்தில் சடசடத்துக்கொண்டிருந்த தூறல் சட்டென்று ஓய்கிறது. ஓசையே இல்லாமல் வெள்ளையாக என்னவோ இறங்குகிறது. அவனுடைய கறுப்புக் கோட்டின் கையில் பனித்துகள் ஒன்று வந்து ஒட்டுகிறது. பூ கருகினால் இந்த வருஷ விளைச்சல் போச்சு என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறான். "வெர்னா, சீக்கிரம் வா! நட்சத்திரம் மாதிரி ஆறு முனையும் முழுசா இருக்கு. உருகறதுக்குள்ள பாரு!"