நல்ல கண்

டாக்டர் விளக்கை அணைத்தார்.

அவர் கையிலிருந்த சிறிய டார்ச்சின் நீல வெளிச்சம் மட்டும் அறையில் மிஞ்சியது.

மேசைமேல் நாய். சப்பை மூஞ்சி, துருத்திக்கொண்டு நிற்கும் கண்கள். அதன் தாடையை அவள் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

சற்று முன்னால்தான் ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த காகிதத் துண்டு ஒன்றை நனைத்து அதன் இடது கண்ணில் ஒற்றி எடுத்திருந்தார் டாக்டர். பிறகு கண்ணைக் கழுவினார். கருவிழியில் காயம் இருந்தால் சாயம் அந்த இடத்தில் மட்டும் தங்கிவிடுமாம். நீல வெளிச்சத்தில் பச்சையாக எரியுமாம்.

"தெரியுதுங்களாம்மா? அதோ, அந்தப் பச்சை."

அவள் குனிந்து பார்த்தாள்.

நீலமாக ஒரு கலங்கல். நாயின் மூச்சு முகத்தில் பட்டது.

"தெரியுதுங்க," என்றாள்.

காயம் ஆழமாகப் போயிருப்பதாக டாக்டர் சொன்னார். நேற்று இன்று பட்டதில்லை. நீர் வடிந்துகொண்டே இருந்திருக்கும், கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கும், மடியில் வளர்கிற நாயை எப்படிப் பார்க்காமல் விட்டீர்கள் என்று கேட்டார். அதட்டலாக இல்லை. புரியாமல்தான் கேட்டார்.

நீர் வடிந்தது அவளுக்குத் தெரியும். அது தலைவைத்துப் படுத்தால் சேலை நனைந்துவிடும். எச்சில் என்று நினைத்தாள். முந்தானையால் மூஞ்சியை அழுத்தித் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதெல்லாம் அது முனகியது. செல்லம் கொஞ்சுகிறது என்று நினைத்தாள்.

கண்டுபிடித்தவன் மகன் நிரஞ்சன்.

மெல்பர்னிலிருந்து. வீடியோ காலில்.

அவன் வாங்கி வளர்த்த நாய் அது. வேலை கிடைத்துக் கிளம்பும்போது, வீடு அமைந்ததும் கூட்டிப்போய்விடுகிறேன் என்று கோயம்புத்தூரில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உனக்கும் துணையாச்சு என்றான்.

வீடு அமைந்தது. கல்யாணமும் ஆனது. நாய் இங்கேயே இருந்தது.

நேற்று, அதைத் தூக்கிக் காட்டும்மா என்றான். காட்டினாள். கண்ணுக்கு நடுவில் வெள்ளையாக என்னவோ படர்ந்திருக்கிறது என்று பதறினான். அவள் மடியில் கிடந்ததை, கடல் தாண்டி இருந்தபடி அவன் பார்த்துவிட்டான்.

"அதைப் பாத்துக்கறதைத் தவிர உனக்கு அங்க என்னம்மா வேலை?"

அவள் நாயை மறுபடி மடியில் போட்டுக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒருமுறை அவனிடம் சொல்லியிருந்தாள். எல்லாம் புகைக்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறது, பஸ் நம்பர்கூடத் தெரிவதில்லை என்று. வயதானால் புரை விழத்தான் செய்யும், லீவில் வரும்போது நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துக் காட்டிவிடலாம் என்றான். லீவு தள்ளிப்போனது. அவன் மறுபடி கேட்கவில்லை.

அவளும் சொல்லவில்லை. கேட்டு வாங்குகிற விஷயமா அது என்று ஒரு வீம்பு.

கண்ணைச் சொறிந்துவிடாமல் இருக்க, நாயின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டி அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு விட வேண்டும். தப்பினால் கருவிழி ஓட்டையாகிவிடும், கண்ணையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

கண்ணில் விட்ட சாயம் மூக்கு வழியாகவும் வருமாம். சேலையெல்லாம் பச்சையாக இருக்கிறதே என்று ஆட்டோக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நிரஞ்சன் வீடியோவில் கூப்பிட்டான். மருமகளும் ஒரு நிமிடம் வந்து, ஐயோ பாவம், ரொம்ப வலிக்குமில்ல என்றாள்.

நாய்க்குத்தான்.

சொட்டு விடுவதைத் தான் பார்க்க வேண்டும் என்றான் அவன். அவள் போனைச் சொம்பில் சாய்த்துவைத்தாள். தரையில் உட்கார்ந்து, முட்டிகளுக்கு நடுவே நாயை இடுக்கிக்கொண்டாள். கூம்புக்குள் கைவிட்டுக் கட்டைவிரலால் இமையைத் தூக்கினாள்.

முதல் சொட்டு மூஞ்சி மடிப்பில் விழுந்தது.

அடுத்ததும்.

மூன்றாவது உள்ளே இறங்கியது. நாய் கண்ணைச் சிமிட்டியதை விரல் உணர்ந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"அம்மா. அது நல்ல கண்ணு."

அவள் கை நின்றது.

இனி கேட்பான் என்று நினைத்தாள். ஏம்மா, உனக்குத் தெரியலையா என்று. அவ்வளவு கேட்டால் போதும். காத்திருந்தாள்.

அவன் அந்தப் பக்கம் யாரிடமோ என்னவோ பேசினான். திரும்பி வந்து, அவள் சிரமப்பட வேண்டாம் என்றான். வீட்டுக்கே வந்து நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்களாம். இன்றைக்கே ஒருவரை ஏற்பாடு செய்துவிடுவானாம். சொட்டு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவள் எதிலும் கை வைக்காமல் இருந்தால் போதும்.

நாயின் மூஞ்சியில் வழிந்த மருந்தைத் துடைக்கப் போனவள், கையை எடுத்துக்கொண்டாள்.

"கண்ணு நல்லாத் தெரியற ஆளாப் பாத்து அனுப்பு சாமி."

"என்னம்மா சொன்ன?"

மருந்துப் புட்டியின் மூடி எங்கோ உருண்டுவிட்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தரையைத் துழாவ ஆரம்பித்தாள். வலது பக்கம். பிறகு இடது பக்கம்.

போனில் அவன் இன்னும் இருந்தான்.